கைக்கு அடக்கமான ரிவால்வர்: வாங்கியதும் பழக்கியதும்

டெக்சஸில் துப்பாக்கிக் கடைக்கு ஒரு பெண் போய் நின்றால், கவுண்டரில் இருக்கிறவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஐந்து தோட்டா போடுகிற சின்ன ரிவால்வரைத்தான். லேசாக இருக்கும், பாக்கெட்டில் அடங்கும், பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது, இழுத்தால் சுடும், உங்களுக்கு இதுதான் சரி என்பார். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதான். இந்த அளவு ரிவால்வரைக் கூடவே வைத்துக்கொள்வது ரொம்ப சுலபம், ஆனால் அதை வைத்துக் குறி தவறாமல் சுடுவது ரொம்பக் கஷ்டம். எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த அம்மாள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். எழுபதை நெருங்குகிற ஆள், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பெரிய துப்பாக்கிகளும் இருக்கின்றன, ஆனால் வெளியே போகும்போது எடுத்துப் போவது இந்தச் சின்னதைத்தான், ஏனென்றால் மற்றதை எடுத்துப்போகச் சோம்பலாக இருக்கிறதாம். நான் வாங்கியதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு மளிகைக் கடை நடத்துகிறோம். இரவில் கடையை மூடி கணக்கு முடித்துக் காருக்குப் போவது பல நாள் நான் மட்டும்தான். துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் வேறு சிலதை மாற்றினோம்: கல்லாவில் பணம் சேர விடாமல் அவ்வப்போது தரையில் பதித்த பெட்டிக்குள் போட்டுவிடுவது, பின்பக்கம் நல்ல விளக்கு, மூடும் நேரத்தில் இன்னொரு ஆள். இதெல்லாம் துப்பாக்கியைவிட உபயோகம் என்பது என் கருத்து. கல்லாப் பணத்தைக் கேட்டு வந்தால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடுவேன், அதற்கெல்லாம் ரிவால்வரைத் தொட மாட்டேன். பணத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே நட என்று சொல்கிறவனுக்காகத்தான் அது.

வாங்குகிற சடங்கைப் பற்றி நம் ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் அதிகம், அதனால் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஃபார்ம் 4473 என்று ஒன்று தருவார்கள், அதில் எழுதுவதெல்லாம் சத்தியப் பிரமாணம் மாதிரி, பொய் சொன்னால் மத்திய அரசு வழக்கு. அதற்கப்புறம் கடைக்காரர் எஃப்பிஐ நடத்துகிற பின்னணிச் சோதனையைச் செய்வார். கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம், கார்டில் இருக்கிற எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும், குடியேற்றத் துறைப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பதால் சில சமயம் அன்றைக்கே பதில் வராது. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள், விசாவே போய்விடும்.

இன்னொன்று, நான் வாங்கி உனக்குத் தருகிறேன் என்கிற வேலை. படிவத்திலேயே, உண்மையில் இதை வாங்குகிறவர் நீங்கள்தானா என்று கேட்டிருக்கும். சட்டப்படி வைத்துக்கொள்ளத் தகுதியான மனைவிக்கு மனப்பூர்வமாகப் பரிசாக வாங்கித் தருவது வேறு, காசு ஒருவருடையது கையெழுத்து ஒருவருடையது என்று வாங்குவது வேறு. இரண்டாவது குற்றம். எங்கள் வீட்டுக்காரர் தன் பெயரிலேயே வாங்கிவிடலாம் என்றார், நான்தான் வேண்டாம் என்று நானே போய் வாங்கினேன். பிடிக்கப் போவது என் கை, அளவு பார்க்க வேண்டியதும் என் கைதானே.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள் என்பேன். அதற்கான கட்டணம் 40 டாலர், வகுப்புக் கட்டணம் தனி. வகுப்பில் உட்கார்ந்தால்தான் எங்கே கூடாது என்பது மண்டையில் ஏறும்: பள்ளிக்கூடம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி, நீதிமன்றம், மருத்துவமனை, 51 சதவீதம் என்று சிவப்பில் எழுதிய மதுக்கடை (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற மதுவில் வருகிற இடம்), அப்புறம் துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று வாசலில் 30.06, 30.07, 30.05 என்கிற சட்டப் பிரிவு எண்ணோடு பலகை மாட்டியிருக்கிற இடங்கள். சுடும் தேர்வு 50 தோட்டா, 3 கஜம், 7 கஜம், 15 கஜம் தூரத்தில். 250க்கு 175 எடுத்தால் போதும். ஒரே மூச்சில் ஐந்துக்கு மேல் சுடச் சொல்வதில்லை, அதனால் ஐந்து தோட்டா ரிவால்வரை வைத்தும் எழுதலாம், நான் அதில்தான் எழுதினேன். ஒரு எச்சரிக்கை, இந்த லைசென்ஸை நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா எதுவும் மதிக்காது. எடிசனில் அக்கா வீட்டுக்குப் போகும்போது ரிவால்வர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். இந்த ஜாதியில் எல்லோரும் பேசுவது இரண்டைப் பற்றி. ஒன்று ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் ஜே ஃபிரேம், 1950இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்த குடும்பம். இன்னொன்று 2009இல் வந்த ரூகர் கம்பெனியின் எல்சிஆர். ஜே ஃபிரேமில் 642 என்கிற மாடல்தான் என்னுடையது: அலுமினியக் கலவை உடம்பு, தோட்டாக்களை வைத்துச் சுற்றுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிலிண்டர், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த குழல் (பேரல்), சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும் என்பதால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. எடை சுமார் 410 கிராம். எல்சிஆர் அதைவிட லேசு, ட்ரிக்கரும் வாங்கிய அன்றைக்கே வழுவழுப்பாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் விரலுக்கு 642இன் பிடி சரியாக உட்கார்ந்தது. முழுக்க ஸ்டீலில் 640 என்று ஒன்று இருக்கிறது, 600 கிராமுக்கு மேல் வரும். சுடுவதற்கு அதுதான் சுகம். பாக்கெட்டில் போட்டால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்குகிறது.

ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். புது ட்ரிக்கரைக் கடைசி வரை இழுக்க கிட்டத்தட்ட 12 பவுண்டு விசை வேண்டும், அதாவது ஐந்து கிலோவுக்கு மேல். துப்பாக்கியோ அரைக் கிலோகூடக் கிடையாது. தன்னைவிடப் பத்துப் பதிமூன்று மடங்கு விசையில் ஒரு பொருளை ஒரு விரலால் இழுத்தால் அது அசையாமல் எப்படி நிற்கும்? பெரிய துப்பாக்கியின் எடை அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இதில் முழுவதையும் நம் கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு பேரல் குட்டை, அதனால் குறி பார்ப்பதற்காக மேலே வைத்திருக்கிற முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரமும் குறைவு. கை ஒரு நூல் அசைந்தாலும் அட்டையில் ஒரு சாண் தள்ளிப் போகும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் கடைக்காரரைச் சிலிண்டரைத் திறந்து காலி என்று காட்டச் சொல்லுங்கள், நீங்களும் விரலை விட்டுப் பாருங்கள். அனுமதி கேட்டு ட்ரிக்கரை மெதுவாக இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டால் சிலிண்டர் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும், தொளதொளவென்று ஆடக்கூடாது. சிலிண்டரில் தோட்டா உட்காருகிற ஐந்து அறையிலும் இதைச் செய்ய வேண்டும், நாலு சரியாக இருந்து ஒன்று மட்டும் பூட்டாமல் நிற்பது உண்டு. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் சீராக இருக்க வேண்டும். பேரல் நேராகத் திருகப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம், முன் குறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. அப்புறம் தயவு செய்து சினிமாவில் வருகிற மாதிரி மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்குகிற உலோகக் கை வளைந்துவிடும்.

புது ஆட்டுக்கல்லில் முதலில் நாலைந்து தடவை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் வீட்டு மாவு அரைப்பார்கள் இல்லையா, ரிவால்வரைப் பழக்குவதும் அப்படித்தான். தொழிற்சாலையில் தடவிய எண்ணெயைத் துடைத்து, பேரலையும் ஐந்து அறைகளையும் கரைசல் போட்டுத் தேய்த்து, ரொம்பக் கொஞ்சமாகத் துப்பாக்கி எண்ணெய் விட்டேன். பிறகு வெறும் ட்ரிக்கரை இழுத்துப் பழகுவது. நான் பழகுகிற ரூமில் ஒரு நிஜத் தோட்டா இருக்கக்கூடாது, பக்கத்து ரூமில் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஸ்னாப் கேப் என்று போலித் தோட்டா விற்கிறார்கள், அதை ஐந்து அறையிலும் போட்டுக்கொண்டு, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத வெளிச் செங்கல் சுவரைப் பார்த்து இழுப்பது. முன் குறியின் மேல் ஒரு காசை நிறுத்தி, ட்ரிக்கர் விழுகிற வரை காசு விழாமல் இழுக்க வேண்டும். முதல் வாரம் காசு தரையில்தான் கிடந்தது. நாள்பட ட்ரிக்கர் கொஞ்சம் வழுக்க ஆரம்பிக்கும், உரசுகிற இடங்கள் ஒன்றோடொன்று பழகும், ஆனால் உண்மையில் அதிகம் மாறியது என் விரல்தான்.

ஸ்பிரிங்கை மாற்றிவிடு, ட்ரிக்கர் லேசாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், காகிதத்தைச் சுடுகிற துப்பாக்கிக்குச் சரி. இதில் மெல்லிய ஸ்பிரிங் போட்டால் சில தோட்டாக்களின் அடிப்பொட்டு வெடிக்காமல் போகலாம், உயிரை நம்பி வைக்கிற இடத்தில் அந்தச் சந்தேகம் எதற்கு.

ஒரு விஷயம் ரிவால்வரிலேயே புதிது எனக்கு: ட்ரிக்கரை இழுத்த பிறகு விரலை முழுக்க முன்னால் போக விட வேண்டும். பாதியில் திரும்ப இழுத்தால் சிலிண்டர் மட்டும் சுற்றும், சுடாது, அல்லது சிக்கிக்கொள்ளும். பதற்றத்தில் எல்லோருக்கும் இது வரும் என்று டீச்சரம்மா சொன்னார், அதனால் வீட்டில் மெதுவாக இழுப்பதோடு நிற்காமல் ஐந்தையும் வேகமாக இழுத்தும் பழக வேண்டும்.

முதல் தடவை ரேஞ்சுக்கு எடுத்துப் போவது 148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்கிற அளவு) வாட்கட்டர் தோட்டாவாக இருக்கட்டும். முன்பக்கம் தட்டையாக, வெட்டி வைத்த மாதிரி இருக்கும், உதைப்பு குறைவு, காகிதத்தில் அச்சுக் குத்தினாற்போல வட்ட ஓட்டை விழும். 642 சுடுகிற ரகம் .38 ஸ்பெஷல், பெட்டி ஐம்பது தோட்டா 25, 30 டாலர் என்கிற அளவில் கிடைக்கும், மலிவில்லை. இலக்கை 3 கஜத்தில் வைத்து ஆரம்பியுங்கள், பக்கத்து வரிசையில் ஒருவர் 25 கஜத்தில் சுட்டுக்கொண்டிருப்பார், அவரைப் பார்க்காதீர்கள். காதுக்குள் நுரை அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும், இரண்டும் வேண்டும். குட்டைப் பேரல் சத்தம் மூடிய கட்டடத்துக்குள் மண்டையில் அடிக்கும். தாங்குகிற கையின் கட்டைவிரல் சிலிண்டரின் முன்பக்கம் போகவே கூடாது, அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயு பீய்ச்சும்.

எனக்கு எல்லாத் தோட்டாவும் இடது கீழ்ப்பக்கம் விழுந்தன. வலதுகைக்காரர்கள் பெரும்பாலோருக்கு அப்படித்தான், உதைக்கப் போகிறதே என்று கை முன்கூட்டியே அழுத்திவிடுகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: சிலிண்டரில் மூன்று நிஜத் தோட்டா, இரண்டு போலி போட்டு, எது எங்கே என்று பார்க்காமல் மூடிக்கொண்டு சுடுவது. போலி வரும்போது துப்பாக்கி மூக்கைக் கீழே குத்துகிறதே, அதைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். ஒரு மணி நேர அறிவுரையைவிட அது பேசும். முன் குறி வேறு வெள்ளி நிறம், ரேஞ்ச் விளக்கில் கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளை நகப்பூச்சு ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் ஆரஞ்சு இரண்டு பூச்சு, தீர்ந்தது பிரச்சினை.

காலித் தோட்டாவை வெளியேற்றுவதிலும் ஒரு சூட்சுமம். இந்தச் சின்ன ரிவால்வரில் தள்ளுகிற கம்பி குட்டை, ஓடுகளை முழுதாக வெளியே தள்ளாது. பேரலை நேராக மேலே பார்க்கத் திருப்பி உள்ளங்கையால் ஒரே அடி அடித்தால் ஓடுகள் தம் எடையில் விழுந்துவிடும். கீழே பார்க்க வைத்து மெதுவாகத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள், ஓடுகளைத் தள்ளுகிற நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் போய் உட்காரும், அப்புறம் சிலிண்டர் மூட மறுக்கும், அல்லது மூடினால் ட்ரிக்கர் கல்லாகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று ரேஞ்ச் பையிலேயே இருக்கட்டும்.

லேசான ரிவால்வருக்கே உரிய இன்னொரு தொந்தரவு உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு உதைப்பிலும் துப்பாக்கி பின்னால் பாயும்போது, சிலிண்டரில் காத்திருக்கிற மற்ற தோட்டாக்களின் ஓடும் கூடவே பின்னால் போகிறது, முன்னால் இருக்கிற ஈயக் குண்டு மட்டும் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. பிடிப்பு சரியில்லாத தோட்டாவில் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சுற்ற விடாமல் தடுத்துவிடும். தானியங்கித் துப்பாக்கி சிக்கினால் ஸ்லைடு என்கிற மேல்பாகத்தை இழுத்துவிட்டுச் சமாளிக்கலாம், இதற்கு ரேஞ்ச் மேஜையில் உட்கார்ந்துதான் வைத்தியம். பரிசோதனை எளிது: ஐந்து போடுங்கள், நாலைச் சுடுங்கள், ஐந்தாவதை எடுத்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த ரகம் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது, எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும்.

எந்தத் தோட்டாவை வைத்துக்கொண்டு நடமாடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. பிளஸ் பி என்கிற அதிக அழுத்த ரகம் 642க்கு அனுமதிக்கப்பட்டதுதான், ஐந்தைச் சுட்டுப் பார்த்தேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தோல் எரிந்தது. எரிந்தால் பரவாயில்லை, இரண்டாவது தோட்டா எங்கே போனது என்றே தெரியவில்லை என்பதுதான் விஷயம். குட்டைப் பேரலில் வேகம் குறைந்துவிடுவதால் விரியும் என்று விற்கிற பல குண்டுகள் விரியாமலேயே போகின்றன. அதனால் என் சிலிண்டரில் இருப்பது அந்த வாட்கட்டர்தான். திரும்ப நிரப்பும்போது அதன் தட்டை முனை அறைக்குள் சட்டென்று இறங்காது, விளிம்பில் தட்டும், ஆகவே கூடுதல் ஐந்தை மட்டும் முனை கூம்பிய ரகமாக ரப்பர் பட்டையில் வைத்திருக்கிறேன். எடை குறைந்த குண்டு இந்த மாதிரி அசையாக் குறியில் சற்றுக் கீழே விழும், எதைத் தேர்ந்தாலும் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். நம்புவதற்கு முன் ஒரு இருநூறு தோட்டாவாவது சிக்கலில்லாமல் போயிருக்க வேண்டும் என்று டீச்சரம்மா கணக்கு, எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. அதற்கப்புறம் பக்கத் தகட்டின் திருகுகளும் பிடியின் திருகும் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

ரேஞ்சிலிருந்து நேராகக் கடைக்குப் போவதில்லை. உடம்பெல்லாம் ஈயத் தூள். ரேஞ்சிலேயே குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, வீட்டில் உடுப்பு மாற்றித் தனியாகத் துவைத்த பிறகுதான் அரிசி, பருப்பு பக்கம் போவேன்.

வைத்துக்கொள்வது பற்றி. பெண்கள் பேன்ட்டில் பாக்கெட் என்று தைத்திருப்பதில் ஒரு சாவிக்கொத்துகூட நிற்காது, சுடிதாரில் அதுவும் கிடையாது. ஆண்கள் பிரிவில் தேடி ஆழமான முன் பாக்கெட் உள்ள பேன்ட் எடுத்தேன். ட்ரிக்கரை முழுக்க மூடுகிற பாக்கெட் உறை கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது, பேனா, சில்லறை, பர்ஸ் எதுவும். கைப்பையில் வைக்காதீர்கள். பையை ட்ராலியில் வைத்துவிட்டு வெண்டைக்காய் பொறுக்குகிற நாம், துப்பாக்கியையும் சேர்த்துத்தானே அங்கே விட்டுவிட்டு வருகிறோம்.

வீட்டில் ஒன்பது வயதில் மகள். டெக்சஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிற நண்பர்களின் பிள்ளைகள் எந்த அலமாரியைத் திறக்கும் என்று யார் கண்டது. என் பாக்கெட்டில், இல்லையென்றால் சுவரோடு போல்ட் போட்ட எண்பூட்டுப் பெட்டியில், மூன்றாவது இடம் கிடையாது. துப்பாக்கியோடு கடையில் தருகிற கம்பிப் பூட்டு பயணத்துக்கு உதவும், தினப்படிக்கு அதை நம்ப வேண்டாம்.

போன கோடையில் மாமாவும் அத்தையும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர் மாமா, மருமகள் பேன்ட் பாக்கெட்டில் ஒன்று வைத்திருக்கிறாள் என்பதை ஜீரணிக்க இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள், “ஏம்மா, நானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டா?” என்றார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பார்வையாளர் விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம், ரேஞ்சில் ஒரு நிமிஷம் பிடிப்பதும் அந்த வம்புக்குள்தான் வரும். அதனால்தான் பெட்டியின் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. பெற்றோரை வரவழைக்கிற நம் வீடுகளில் இது பலருக்குத் தெரிவதில்லை. கூட வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார், காகிதத்தை மட்டும் சுருட்டி ஊருக்கு எடுத்துப் போனார்.

பாக்கெட்டில் கிடக்கிற துப்பாக்கியில் பஞ்சு சேரும், வியர்வை ஏறும். மாதத்துக்கு ஒரு முறை காலி செய்து பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, தூசியைத் துடைத்து, ஸ்டீல் பாகங்களில் துரு ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள், ஹூஸ்டன் ஈரக்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்கூடப் புள்ளி விழும். சிலிண்டரில் இருக்கிற ஐந்தையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்கிறேன். அவற்றை எடுத்ததும் முதல் ஐந்தாக, கை சூடாவதற்கு முன்பே, 7 கஜத்தில் சுடுகிறேன். அன்றைக்கு நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று அந்த ஐந்து ஓட்டைகளே காட்டிவிடும்.